கணினிக் கையேடு யப்பானிய மொழியில் – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கிளிநொச்சியில் கணினி கற்று வரும் நான், வேலைவாய்ப்பு நோக்கி யப்பானிய மொழியும் படிக்கிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 'மேன்' கட்டளை காட்டும் கையேட்டுப் பக்கங்களை யப்பானிய மொழியில் பார்க்க முயன்றால், எழுத்துக்களுக்குப் பதிலாகக் கட்டங்களே தெரிகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், அறிவியல் நகர்

பதில்: கட்டங்கள் தெரிவதால் மொழிபெயர்ப்பு, அதாவது 'மேன்பேஜஸ்-ஜேஏ' என்ற பொதி, உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது என்றே கொள்ளலாம், குறை எழுத்துருவில்தான். வரைகலைத் திரையின் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில் பார்க்கிறீர்களாயின், சீன, யப்பானிய, கொரிய எழுத்துக்களுக்கான 'நோட்டோ சிஜேகே' எழுத்துருவை நிறுவினால் போதும். அது பெரிய கோப்பு. கைபேசி டேட்டாவை நம்பியிருப்பவர்கள் பல்கலைக்கழக இணைப்பில் இறக்கிக்கொள்வது நல்லது.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தி வரும் கறுப்புத் திரையில் பார்க்கிறீர்களாயின், எந்த எழுத்துருவை நிறுவியும் பயனில்லை. லினக்ஸின் அந்தத் திரை ஒரே வேளையில் 512 எழுத்து வடிவங்களை மட்டுமே தாங்கும். யப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென 2010இல் வரையறுக்கப்பட்ட, சீனத்திலிருந்து வந்த 'காஞ்சி' எழுத்துக்களோ 2,136. நம் தமிழும் அங்கே சரிவரத் தெரியாது என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

கணினி முழுவதையும் யப்பானிய மொழிக்கு மாற்ற வேண்டியதில்லை. 'மேன்' என்பதை அடுத்து 'கழித்தற்குறி, பெரிய எல், இடைவெளி, ஜேஏ' எனத் தட்டி, வேண்டிய கட்டளையின் பெயரைச் சேர்த்தால் அந்தப் பக்கம் மட்டும் யப்பானிய மொழியில் திறக்கும். மொழிபெயர்க்கப்படாத பக்கமாயின் ஆங்கிலமே வரும். மொழிபெயர்ப்பு பல இடங்களில் மூலத்துக்குப் பின்தங்கியிருப்பதால், கட்டளைகளின் புதிய தெரிவுகளை (ஆப்ஷன்) ஆங்கிலப் பக்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே பயன்படுத்துங்கள்.