நெடுஞ்சாலையில் யூ-டர்ன் வைப்பதே தப்பா?

யூ-டர்ன் தப்பில்லை, அதை வைக்கும் இடமும் விதமும்தான் பெரும்பாலும் தப்பு.

முதல் சிக்கல் வேகம். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கும். நீங்கள் திரும்பி வேகம் பிடிக்க 8 நொடி ஆகும் என்றால், எதிரே 220 மீட்டருக்கு மேல் சாலை காலியாக இருக்க வேண்டும். தூரத்து ஹெட்லைட்டை வைத்து அதைக் கணிப்பது யாருக்குமே கஷ்டம். திரும்புவதற்காக மீடியனில் (சாலை நடுத்தடுப்பில்) விட்ட திறப்பு, வளைவிலோ மேட்டு உச்சியிலோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், திரும்பக் காத்திருக்கும் வண்டி நிற்பது மீடியனை ஒட்டிய வேகமான தடத்தில். பின்னால் வருபவர் இடிக்காமலிருக்க, வேகம் குறைக்கவும் வரிசையில் நிற்கவும் போதுமான நீளத்தில் தனித் தடம் வேண்டும். மீடியன் குறுகலாக இருந்தால் லாரி ஒரே வீச்சில் திரும்பாது, ரிவர்ஸ் எடுக்கும். அதற்காகவே எதிர்ப்பக்க ஓரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்துவார்கள்.

சரி, யூ-டர்னால் நன்மையே இல்லையா? உண்டு. சாதாரண நாற்சந்தியில் வாகனப் பாதைகள் மோதக்கூடிய புள்ளிகள் 32. பக்கச் சாலை வண்டிகளை நேரே குறுக்கிட விடாமல், பிரதான சாலையில் சேர்ந்து சற்றுத் தள்ளி யூ-டர்ன் போட வைத்தால் அது 14 ஆகக் குறையும். அமெரிக்காவின் மிச்சிகனில் இதையொத்த அமைப்பு 1960களிலிருந்தே இருக்கிறது. சுற்றிப் போவது எரிச்சல்தான், ஆனால் பக்கவாட்டில் மோதும் கொடூர விபத்துகள் நன்றாகக் குறையும். இடைவெளியே கிடைக்காத நெரிசலில் மட்டும் சிக்னலோ மேம்பாலமோதான் வழி.