வாசகர் கேள்வி – பதில்: தூது ஆர்.என்.ஏயில் ஒட்டும் மெதைல்

கேள்வி: டி.என்.ஏ விகாரத்தால் புற்றுநோய் வரும் என்று உயர்தரத்தில் படித்தோம். தூது ஆர்.என்.ஏயில் வரும் இரசாயன மாற்றமும் கட்டியை வளர்க்குமாமே, எப்படி? அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய், தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையில் காட்டுகிறோம். இதற்கு இரத்தப் பரிசோதனை உண்டா?
– வாசகி, தருமபுரம், கிளிநொச்சி

பதில்: படித்தது சரிதான். இது அதற்கு மேல் இன்னொரு படி. தூது ஆர்.என்.ஏ (சுருக்கமாகத் தூது) என்பது, புரதம் செய்வதற்காக டி.என்.ஏயிலிருந்து எடுக்கும் பிரதி. அதன் எழுத்துகளில் ஒன்று அடினின். சில அடினின்களின் 6ஆம் இட நைதரசனில் மெதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் ஒட்டும். இதற்கு எம்6ஏ என்று பெயர், 1974இல் கண்டார்கள். எழுத்து வரிசை மாறாது. அந்தத் தூது எவ்வளவு நேரம் சிதையாமல் இருக்கும், புரதம் செய்யும் றைபோசோம் அதை எத்தனை தரம் வாசிக்கும் என்பவைதான் மாறும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் அதேதான். துருசு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே வயலுக்குக் கணக்கு.

இந்த மெதைல் குறியை இடுவது மெட்டில்3, மெட்டில்14 என்ற புரதச் சோடி. நீக்குவது எஃப்.டி.ஓ, அல்க்பிஎச்5 என்ற நொதிகள். ஆனால் விளைவு, குறியில் வந்து பிடிக்கும் புரதத்தைப் பொறுத்தது. ஒய்.டி.எச்.டி.எஃப்2 பிடித்தால் தூது விரைவில் சிதையும், ஐ.ஜி.எஃப்2.பி.பி பிடித்தால் நிலைக்கும். கலப்பிரிவைத் தூண்டும் மிக் என்ற மரபணுவின் தூது அப்படி நிலைத்தால் கட்டி வளரும். ஆகவே "மெதைல் கூடினால் புற்று" என்பது பிழை. கடும் மைலோயிட் குருதிப் புற்றில் மெட்டில்3 மிகுந்தாலும் கேடு. அதன் சில வகைகளில், குறியை நீக்கும் எஃப்.டி.ஓ மிகுந்தாலும் கேடு.

குறி எங்கே உள்ளது என்று அறிய, ஆய்வுகூடத்தில் ஆர்.என்.ஏயை ஏறக்குறைய 100 எழுத்துத் துண்டுகளாக்கி, எம்6ஏயைப் பிடிக்கும் பிறபொருளெதிரியால் குறியுள்ள துண்டுகளைப் பிரித்தெடுத்து வாசிப்பார்கள். அப்படிப் பிரிக்காத ஒரு பங்கையும் ஒப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால், நிறைய இருக்கும் தூதெல்லாம் குறி உள்ளதுபோலத் தோன்றும். தூதின் தொடக்கமான தொப்பி முனையருகே உள்ள எம்6ஏஎம் என்ற வேறு குறியையும் அதே பிறபொருளெதிரி பிடித்துவிடும்.

இது நோயாளிக்கு வழமையாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையல்ல. மெட்டில்3ஐத் தடுக்கும் எஸ்.டி.எம்2457 என்ற சேர்வை குருதிப் புற்றுள்ள எலிகளில் பலன் தந்ததாக 2021இல் வெளியானது. அதே வழியில் எஸ்.டி.சி-15 என்ற மருந்து 2022இல் மனிதரில் பரிசோதனைக்கு வந்தது. "மெதைல் குறைக்கும் உணவு" என்று யாரும் விற்றால் வாங்காதீர்கள். மெதைலைத் தரும் எஸ்.ஏ.எம் மூலக்கூறையே டி.என்.ஏயும் புரதங்களும் பயன்படுத்துகின்றன. இந்த ஒரு குறியை மட்டும் சாப்பாட்டால் இறக்க முடியாது.

அப்பா வெற்றிலை, பாக்கு, புகையிலையை முற்றாக விடட்டும். கதிர்ச் சிகிச்சை என்றால் நாள் தவறக்கூடாது. இடைவெளியில் எஞ்சிய கலங்கள் பெருகும். பஸ் தவறினாலும் அன்றே கிளினிக்குக்கு அறிவியுங்கள், அந்த நாளை ஈடுசெய்ய முடியுமா என்று பார்ப்பார்கள்.