மறுபடியும் கடைத் திருட்டு வழக்கா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

சில வருடங்களுக்கு முன் கடையில் பொருள் எடுத்த வழக்கில் ஒப்புக்கொண்டு அபராதம் மட்டும் கட்டினேன். இப்போது இன்னொரு வழக்கு. பழையது கணக்கில் வருமா?

வரும். அபராதத்தோடு முடிந்ததும் தண்டனைதான். ‘ஃபைன் கட்டிட்டா கேஸ் முடிஞ்சிடும்’ என்ற பேச்சை நம்பி ஒப்புக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதன் விளைவு அடுத்த வழக்கில்தான் தெரியவருகிறது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், திருட்டுக்கான 303(2) பிரிவைப் பாருங்கள். முதல் முறை, மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, பொருளையோ பணத்தையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான் தண்டனை. அதே பிரிவில் மறுமுறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு கடுங்காவல், கூடவே அபராதம்.

ஆனால், ‘இந்தப் பிரிவின் கீழ்’ மறுமுறை தண்டனை பெற்றால் என்றுதான் சட்டம் சொல்கிறது. உங்கள் பழைய தீர்ப்பு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவில் (திருட்டு) வந்திருந்தால், இந்தக் குறைந்தபட்சத் தண்டனை பொருந்தாது என்று வாதிட இடம் உண்டு. அதனால் முதல் வேலை, பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குவது. விடுதலையிலோ சமரசத்திலோ முடிந்திருந்தால் அது முன்தண்டனையே ஆகாது. பொய் சொல்லச் சொல்லவில்லை. நகலைப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்கிறேன். நீங்கள் ஏற்காத முன்தண்டனையை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு சமரசம் செய்யத் தயார். போதாதா?

303-இல் முதல் வழக்கு என்றால் போதும். முன்தண்டனையால் கூடுதல் தண்டனைக்கு உள்ளாகக்கூடியவருக்குச் சமரச வழி மூடப்பட்டுவிடுகிறது. அதே குற்றத்தில் முன்பு தண்டனை பெற்றவருக்கு ‘பிளீ பார்கெயினிங்’ (குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனைக்குப் பேசி முடிப்பது) வாய்ப்பும் இல்லை. ஆனாலும் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தண்டனையை முடிவு செய்யும்போது நீதிபதி அதைப் பார்ப்பார். வக்கீல் மூலம் கொடுங்கள். நேரில் போய் நச்சரித்தால் சாட்சியை மிரட்டியதாகி ஜாமீனுக்கே ஆபத்து வரும்.

எடுத்தது சின்னப் பொருள். ஆனால் எஃப்.ஐ.ஆரில் 305 என்று இருக்கிறது. அது என்ன?

வீட்டிலோ, பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ திருடுவதற்கான பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. சமூக சேவைச் சலுகை இதில் கிடையாது. வாடிக்கையாளர்கள் தாராளமாக வந்துபோகும் இடத்தில் திறந்த அலமாரியில் இருந்த பொருள் என்றால், 303-தான் பொருந்தும் என்று உங்கள் வக்கீல் வாதிட வேண்டும். சன்ஹிதாவின் 13-ஆம் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சில முன்தண்டனைகள் இருந்தால் அது 10 ஆண்டு வரையோ ஆயுள் வரையோகூட இழுக்கும்.

என் தம்பியால் எடுக்காமல் இருக்க முடியவில்லை. தேவையே இல்லாத பொருளைக்கூட எடுக்கிறான். இதைச் சொல்லி ஜெயிலைத் தவிர்க்கலாமா?

கிளெப்டோமேனியா உண்மையான மனநலக் கோளாறுதான். ஆனால் அதைக் காட்டி விடுதலை வாங்குவது மிகக் கடினம். செய்வது தவறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதே. அது உதவுவது தண்டனை பற்றிய வாதத்தில். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் சிறைக்கு அனுப்பாமல் விட வழி தருகிறது. அதன் 3-ஆம் பிரிவு, முன்தண்டனை இல்லாதவருக்கு மட்டும். 4-ஆம் பிரிவில் அந்தத் தடை எழுதப்படவில்லை. குற்றத்தின் தன்மை, ஆளின் குணம், நன்னடத்தை அலுவலரின் அறிக்கை எல்லாம் பார்த்து, பிணைப் பத்திரத்தின்மேல் விடலாம். குறைந்தபட்சத் தண்டனையைக் காட்டி அரசுத் தரப்பு எதிர்க்கும், சன்ஹிதாவின் 13-ஆம் பிரிவு சேர்ந்திருந்தால் இந்த வழியும் எட்டாமல் போகலாம். எப்படியானாலும் சிகிச்சையை இன்றே தொடங்குங்கள். பல மாத மருத்துவப் பதிவுகளுக்கு இருக்கும் மதிப்பு, தீர்ப்புக்கு முந்தைய நாள் வாங்கிய சான்றிதழுக்கு இருக்காது.

நான் பெண். வக்கீல் வைக்க வசதி இல்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். அடுத்த வாய்தாவுக்கு முன்பே.