கடல் மட்டம் உயர்ந்துகொண்டே போனால் தூத்துக்குடி மூழ்கிவிடுமா? அங்கே மனை வாங்கலாமா?

நான் பாளையங்கோட்டைக்காரன். அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது தூத்துக்குடியில். கடல் ஒருநாள் பொங்கி ஊருக்குள் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 2023 மார்கழி பிறந்தபோது அக்கா வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் மேற்கே இருந்து வந்தது.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஊருக்கு மேற்கே இருக்கும் கோரம்பள்ளம் குளம் உடைந்தது. பாதை திறந்து நான் போய்ச் சேர நாலு நாள் ஆனது, அப்போதும் தெருவில் முழங்காலளவு தண்ணீர். அத்தான் வாசல் சுவரில் கரிக்கோடு போட்டுவைத்து, காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் முழுக்க ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கடைசியில் டீசல் மோட்டார் வைத்துத்தான் இறைத்தார்கள்.

“பக்கத்துலயே கடல் இருக்கே அத்தான், ஏன் வடிய மாட்டேங்குது?” என்று கேட்டேன்.

“கடலும் நம்ம தெருவும் ஏறக்குறைய ஒரே மட்டம்லா, எங்க ஓடும்?”

விஷயம் அவ்வளவுதான். ஊர்த் தண்ணீர் பக்கிள் ஓடை வழியாகக் கடலில் சேர வேண்டுமானால், ஓடை கடலில் கலக்கும் இடத்தில் கடல் தாழ்ந்திருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண்கூட இல்லையே என்று தோன்றும். இருக்கிற சரிவே சொற்பம் என்னும்போது அந்தச் சாண் பெரிது. இத்தனைக்கும் அந்த மழை வளர்பிறை சஷ்டியை ஒட்டிப் பெய்தது, ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், சிறிதாக இருக்கும் நாட்கள். அதுவே அமாவாசையாக இருந்திருந்தால்?

‘கொற்கையில் கடல் பின்வாங்கத்தானே செய்தது’ என்று சிலர் கேட்கலாம். பாண்டியர் துறைமுகம் இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருப்பது உண்மைதான். அது தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல். அந்த வண்டலை இப்போது அணைகள் பிடித்துக்கொள்கின்றன, மிச்சத்தை லாரிகள் அள்ளிவிட்டன. இந்தப் பக்கம் தூத்துக்குடிக்கு எதிரே கடலில் இருக்கும் வான் தீவு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்கடியில்.

சரி, மனை விஷயம். கடற்கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை விட்ட மூன்றாம் நாள் நேரில் போய் நில்லுங்கள். அந்த இடம் பழைய உப்பளமா, குளத்து நீர் போகும் வழியா என்று பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள்.