முதல் வருடம் 11 கேட்ச்தான்

இப்போதே முடிவு கட்டாதீர்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில், ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் முதலாண்டு வைட் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) பாதி சீசன் ஆகியும் நாலு பந்துதான் பிடித்திருக்கிறார், ஏமாற்றமா என்று கேட்கிறீர்கள். இதே அணியின் மார்வின் ஹாரிசன் ஜூனியர் 2021-இல், தன் முதல் சீசன் முழுக்கப் பிடித்ததே 11. அடுத்த வருடம் 77 கேட்ச், 1,263 யார்டு தூரம், 14 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்).

பெரும்பாலும் வரிசைதான் காரணம். அன்று அவருக்கு முன்னால் நின்றவர்கள் காரெட் வில்சன், கிரிஸ் ஒலாவே, ஜாக்சன் ஸ்மித்-என்ஜிக்பா. மூவரும் பின்னால் என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) முதல் சுற்றிலேயே போனார்கள். நம் கண்ணைக் கெடுத்தது இதே அணியின் இன்னொரு ரிசீவர் ஜெரமையா ஸ்மித். 2024-இல் வந்த வருடமே 1,315 யார்டு, 15 டச்டவுன்! அதை வைத்து எல்லாரையும் அளந்தால் யார்தான் தேறுவார்?

அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு இவரை மட்டும் பாருங்கள். ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது களத்தில் இருக்கிறாரா? பந்தை வைத்துக்கொண்டு வேறொருவர் ஓடும்போது, எதிரணி கார்னர்பேக்கை (ரிசீவரைத் தடுக்க நிற்பவரை) மறித்துப் பிடித்து நிற்கிறாரா? அப்படியென்றால் கோச்சுக்கு இவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனால் இது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வீரர்கள் வேறு கல்லூரி அணிக்கு மாறப் பதிவு செய்யும் முறை) காலம். நாம் காத்திருந்தாலும் அவர் காத்திருப்பார் என்று சொல்ல முடியாது.