பந்தைத் தொடாத பிள்ளை

கேள்வி: ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் வசிக்கிறோம். மகனுக்கு 15 வயது. நல்ல உயரம், நல்ல உடம்பு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கோச் அவனை அஃபென்சிவ் லைன்மேனாகப் போட்டிருக்கிறார். "பந்தையே தொடாம என்னடா ஆட்டம்? சும்மா இடிச்சுக்கிட்டு நிக்கிறே" என்று அவன் அப்பா சாப்பிடும்போது சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை சரியாகப் பேசுவதில்லை. இன்னும் எடை ஏற்றச் சொல்கிறாராம் கோச். எங்கள் இரண்டு குடும்பத்திலும் சர்க்கரை நோய் உண்டு. இதில் அவனுக்கு எதிர்காலம் இருக்கிறதா?
– ஒரு தாய், கொலம்பஸ்

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் கேட்டது எதிர்காலத்தைப் பற்றி. பிள்ளையின் மனதில் தைத்திருப்பதோ அப்பா சொன்ன வார்த்தை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அஃபென்சிவ் லைன்மேன்கள் என்றால், தாக்கும் அணியின் முன்வரிசையில் நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள் என்று ஐந்து பேர். பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் பந்தை எறிய இரண்டு மூன்று விநாடி வேண்டும். அந்த விநாடிகளைச் சம்பாதித்துக் கொடுப்பது இவர்கள்தான். முன்னோக்கி எறியும் பந்தை இவர்கள் பிடிக்க விதியே இடம் தராது. எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தால் அணி 10 கெஜம் பின்னால் போக வேண்டிய அபராதம். அப்போதுதான் இவர்கள் நம்பர் மைக்கில் ஒலிக்கும். வேலையை ஒழுங்காகச் செய்த நாளில் யாரும் பெயர் சொல்வதில்லை. 15 வயதில் இதைத் தாங்குவது லேசான காரியம் இல்லை.

உங்கள் மாநிலத்திலேயே ஆடிய ஜோ தாமஸைப் பற்றி அவன் அப்பாவிடம் சொல்லுங்கள். என்எஃப்எல் என்னும் தொழில்முறை லீகின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2007-ல் மூன்றாவது ஆளாக கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அன்று நியூயார்க் மேடைக்குப் போகாமல், அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார் மனிதர். அதன்பின் லெஃப்ட் டேக்கிளாக, வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுப்புறத்தைக் காக்கும் இடத்தில், தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்). ஒன்றில்கூட வெளியே உட்காரவில்லை. 2017 அக்டோபரில் இடது கையின் ட்ரைசெப்ஸ் தசைநார் கிழிந்தபோதுதான் அந்தக் கணக்கு நின்றது.

இத்தனைக்கும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அவருடைய 11 சீசன்களில் 48 வெற்றி, 128 தோல்வி. கடைசி சீசனில் 16 ஆட்டத்தில் 16-ம் தோல்வி. அவர் காத்து நின்ற குவார்ட்டர்பேக்குகள் மட்டும் 20 பேர். சீசன் முடிவில் முன்னணி அணிகள் ஆடும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. ஆனாலும் தகுதி பெற்ற முதல் வருடமே, 2023-ல், கேன்டனில் உள்ள, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நாம் நினைக்கும் வேலையை, தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

சரி, எடை விஷயம். உங்கள் பயம் நியாயமானது. தாமஸ் ஆடிய காலத்தில் 140 கிலோ அளவில் இருந்தார். அந்த எடையைக் காப்பாற்றச் சாப்பிடுவதே ஒரு வேலையாக இருந்தது என்று அவரே பேசியிருக்கிறார். 2018-ல் ஓய்வு பெற்ற சில மாதங்களில் 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். வளரும் பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேண்டாம். குடும்பத்தில் சர்க்கரை இருப்பதைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, எவ்வளவு எடை என்பதை அவரே முடிவு செய்யட்டும். கோச்சிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அவனைத் தூது அனுப்பாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். லைன்மேன்களுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்னாப்பிலும் மோதல் உண்டு. மூளை பாதிப்பு நோயான சிடிஇ முதன்முதலில் உறுதியான என்எஃப்எல் வீரர், 2002-ல் இறந்த பிட்ஸ்பர்க் அணியின் சென்டர் மைக் வெப்ஸ்டர். தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தால் அன்று திரும்ப ஆட விடக்கூடாது என்று எல்லா மாநிலங்களிலும் சட்டம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் இடம் போய்விடுமே என்று மறைப்பார்கள். தலைவலி, வெளிச்சத்துக்குக் கண் கூசுவது, காரணமில்லாத எரிச்சல் இருந்தால் சும்மா விடாதீர்கள். மறைக்காமல் சொன்னால் திட்ட மாட்டோம் என்று அவனுக்கு இப்போதே வாக்குக் கொடுங்கள்.

எதிர்காலம்? பள்ளியில் ஆடுபவர்களில் மிகச் சிலரே தொழில்முறை ஆட்டம் வரை போகிறார்கள். படிப்பை விட்டுக்கொடுக்காமல் ஆடட்டும்.

அப்புறம், வருகிற வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு அவன் அப்பாவையும் கூட்டிப்போங்கள். முதல் கால்பகுதி முழுக்க அவர் பந்தைப் பார்க்கவே வேண்டாம். ஒரு கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்திருக்கும் மகனை மட்டும் பார்க்கட்டும். ஸ்னாப் ஆனதும் அவன் கால் எந்தப் பக்கம் போகிறது, கை எதிராளியின் மார்பில் எங்கே விழுகிறது, பின்னால் நிற்கும் பையன் விழாமல் பந்தை எறிந்தானா என்று கவனிக்கட்டும். வீடு திரும்பும்போது காரில், பார்த்ததை அவர் வாயாலேயே மகனிடம் சொல்லச் சொல்லுங்கள்.