சுவரில் மாட்டியிருப்பது எந்தச் சான்றிதழ்?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் சேலம் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு முழங்காலிலும் வலி. ‘ஆபரேஷன் இல்லாமல் மூட்டுவலிக்குத் தீர்வு’ என்ற நோட்டீஸைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டுக்கு அருகே மாடியில் இருக்கும் ஒரு வலி நிவாரண கிளினிக்குக்குப் போனோம். வலது முட்டியில் மூன்று ஊசி, இரண்டு மாதத்துக்கு மாத்திரை, சேர்த்து 45,000 ரூபாய் பேக்கேஜ் என்றார்கள். முதல் ஊசியை மட்டும் டாக்டர் போட்டார். அடுத்த இரண்டையும் அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பிதான் போட்டார். மாத்திரைகளை வெள்ளைக் கவரில் போட்டு, ‘காலை 1, இரவு 1’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது ஊசி போட்ட நான்காம் நாள் முட்டி வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. வேறு மருத்துவமனையில் ஒன்பது நாள் சேர்த்து வைத்தியம் பார்த்தோம். சர்க்கரையும் 400-ஐத் தாண்டியது. அங்கிருந்த டாக்டர் மாத்திரையைப் பார்த்துவிட்டு, “ஒன்று டிராமடால், இன்னொன்று ஸ்டீராய்டாக இருக்கலாம்” என்றார். கிளினிக்கில் சீட்டு, ரிப்போர்ட் எதுவும் தர மறுக்கிறார்கள். “எங்களுக்கு கவர்மென்ட் லைசென்ஸ் இருக்கு” என்று சுவரைக் காட்டுகிறார்கள். அதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். 20,000 திருப்பித் தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்கிறார்கள். மீதி மாத்திரை 40 வீட்டில் இருக்கிறது. போதை மாத்திரை கேஸ் எங்கள் மேல் வருமா? இந்த கிளினிக்கை மூட வைக்க முடியுமா?

பதில்: போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஃபிரேமில் இருப்பது உத்யம் பதிவுச் சான்று. சிறு, குறு தொழில் நடத்துபவர்கள் ஆதார், பான் எண்ணைக் கொடுத்து இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்வது. நாமே நம்மைப் பற்றிச் சொல்வதை வைத்துத் தரப்படும் பதிவு அது. மாவு மில்லிலும் தையல் கடையிலும் இதே சான்று இருக்கும். வலது ஃபிரேமில் ஐ.எஸ்.ஓ. சான்று. அது ஒரு தனியார் நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவது. உத்யம் சான்றில் சிங்க முத்திரை இருப்பதால் பார்க்கிறவர்கள் கவர்மென்ட் லைசென்ஸ் என்று நம்பிவிடுகிறார்கள். வைத்தியம் பார்க்க இரண்டுமே அனுமதி ஆகாது.

சரி, வலி கிளினிக்குக்கு உண்மையான லைசென்ஸ் எது? அந்தப் பெயரில் தனியாக ஒன்று நம் ஊரில் கிடையாது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் உண்டு. அங்கே வலி கிளினிக் என்ற பெயரில் ஓபியாய்டு (அபின் வகை வலி நிவாரணி) மாத்திரைகளை அள்ளிக் கொடுக்கும் கடைகள் பெருகியபோது, 2010 வாக்கில் வலி கிளினிக்குகளுக்கென்றே பதிவைக் கட்டாயமாக்கினார்கள். மருத்துவர் தன் கிளினிக்கிலேயே வைத்து அந்த வகை வலுவான மாத்திரைகளைக் கொடுப்பதற்கும் 2011-ல் தடை போட்டார்கள். இங்கே அப்படி ஒரே கூரை கிடையாது. கட்டடம், மருத்துவர், மருந்து ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி அதிகாரி. ‘லைசென்ஸ் இல்லாத கிளினிக் மீது நடவடிக்கை எடுக்கவும்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு மனு எழுதி எல்லோருக்கும் நகல் அனுப்பினால், ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். எந்தக் குறை எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று பிரித்துக்கொள்வதில்தான் உங்கள் கேஸின் பலம் இருக்கிறது.

முதல் மேசை, ஜே.டி. ஆபீஸ். அதாவது உங்கள் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 1997-ன் கீழ், வைத்தியம் பார்க்கும் எந்த இடமும், பெயர் என்னவாக இருந்தாலும், இங்கே பதிவு செய்திருக்க வேண்டும். பெயர்ப் பலகையில் ‘பெயின் சென்டர்’ என்று போட்டுக்கொண்டால் விலக்கு வந்துவிடாது. சட்டம் 1997-ல் வந்தது, விதிகள் வந்தது 2018-ல்! பதிவு இல்லாமலே நடத்திய அந்த 21 ஆண்டுப் பழக்கம் இன்னும் பல ஊர்களில் போகவில்லை என்பது வேறு கதை. 2010-ல் மத்திய அரசு கொண்டுவந்த மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை, தன் சட்டத்தையே வைத்திருக்கிறது. மனுவில் அந்த மத்தியச் சட்டத்தை மேற்கோள் காட்டிவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி மனுக்களில் அதுதான் இருக்கிறது.

ஜே.டி. ஆபீஸுக்குப் புகார் கொடுப்பதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இந்த முகவரியில் உள்ள கிளினிக்குக்குப் பதிவு உண்டா, பதிவு எண் என்ன, எந்தத் தேதி வரை செல்லும், விண்ணப்பத்தில் மருத்துவர் என்று யார் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, ஆய்வறிக்கையின் நகல். இவ்வளவு கேளுங்கள், ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவே இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதிவு இருந்து, அதில் உள்ள மருத்துவர் வேறு, உங்கள் அம்மாவைப் பார்த்தவர் வேறு என்றால், அது இன்னும் பெரிய விஷயம். மூடுவது, பதிவை ரத்து செய்வது எல்லாம் இந்த அலுவலகத்தின் அதிகாரம். கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை.

ஊசி போட்ட தம்பி யார் என்பது அடுத்த கேள்வி. மூட்டுக்குள் போடும் ஊசி, கையில் போடும் ஊசி போன்றதல்ல. கிருமி உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பதிவு பெற்ற மருத்துவராக இல்லாத ஒருவர் அலோபதி வைத்தியம் பார்த்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-ன் 34-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜே.டி. புகாரிலேயே இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். தேதி, நேரம், அவர் என்ன உடை போட்டிருந்தார், டாக்டர் அப்போது கட்டடத்தில் இருந்தாரா என்பது வரை எழுதுங்கள். முகநூலில் ‘போலி டாக்டர்’ என்று வீடியோ போடுவதை மட்டும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் அவதூறு நோட்டீஸ் அனுப்ப நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இனி அந்த வெள்ளைக் கவர். என்னைக் கேட்டால் உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான சாட்சி அதுதான். ஒரு மருத்துவர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம், அதற்கு மெடிக்கல் ஷாப் லைசென்ஸ் தேவையில்லை. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் கே அட்டவணை இந்த விலக்கைத் தருகிறது. ஆனால் சும்மா தரவில்லை. லைசென்ஸ் உள்ளவரிடம்தான் மருந்து வாங்க வேண்டும், பேட்ச் எண்ணோடு கொள்முதல் கணக்கு இருக்க வேண்டும், கடை மாதிரி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விற்கக் கூடாது. டிராமடால், ஸ்டீராய்டு போல மருத்துவர் சீட்டோடு மட்டும் தர வேண்டிய மருந்தாக இருந்தால் இன்னும் சில நிபந்தனைகள் சேரும். கவர் மேல் மருத்துவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், சாப்பிடும் அளவு இருக்க வேண்டும், நோயாளி பெயரோடும் தேதியோடும் பதிவேட்டில் ஏற்றி அந்த வரிசை எண்ணைக் கவரிலும் எழுத வேண்டும். பதிவேட்டை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் கவரில் இருப்பது ‘காலை 1, இரவு 1’ மட்டும். நிபந்தனையை மீறினால் விலக்கு போய்விடும், லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்ற கணக்கில் வந்துவிடும்.

ஆகவே இரண்டாவது மேசை, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளர். கவரோடு அவரைப் பாருங்கள், எல்லா மாத்திரைகளையும் கொடுத்துவிட வேண்டாம். சந்தேகப்படும் மருந்தை, வாங்கியவரே அரசுப் பகுப்பாய்வாளருக்குக் கட்டணம் கட்டி அனுப்பி அறிக்கை பெறுவதற்கு மருந்துச் சட்டத்தின் 26-வது பிரிவு உரிமை தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டீராய்டுதான் என்று அந்த அறிக்கை வந்தால், சர்க்கரை 400-க்குப் போனதற்கும் காரணம் சொல்ல முடியும். சர்க்கரை நோயாளிக்குச் சொல்லாமல் ஸ்டீராய்டு கொடுத்ததை நியாயப்படுத்த அவர்கள் திணறத்தான் வேண்டும்.

வீட்டில் உள்ள 40 மாத்திரையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். டிராமடாலும் ஓர் ஓபியாய்டுதான்; அது 2018 ஏப்ரல் முதல் என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் மனமயக்கப் பொருள் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் அதே சட்டத்தின் விதிகளில் 66-வது விதி, சொந்த மருத்துவத் தேவைக்காக ஒருவர் ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்க இடம் கொடுக்கிறது. சீட்டு இல்லை என்பதுதான் உங்கள் பலவீனம். இப்போது பார்க்கும் டாக்டரிடம், அம்மா கொண்டுவந்த மாத்திரைகள் இவை என்று அவருடைய சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். கழிவறையில் கொட்டிவிடாதீர்கள், முட்டிவலி என்று கேட்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அதோடு, புகாரில் ‘போதை மாத்திரை விற்கிறார்கள்’ என்று எழுத வேண்டாம் என்பது என் யோசனை. அப்படி எழுதினால் விஷயம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், அம்மாவின் முட்டி பின்னால் தள்ளப்பட்டுவிடும். வலிக்கு ஓபியாய்டு கொடுப்பதே குற்றமும் அல்ல. 1985-ல் என்.டி.பி.எஸ். சட்டம் வந்த பிறகு லைசென்ஸ் கெடுபிடியில் புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் கிடைக்காமல் போனது. அதைச் சரிசெய்யவே 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகைப்படுத்தி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அங்கீகரித்த மருத்துவ நிலையங்கள் அவற்றை வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். உங்கள் கிளினிக்கின் குறை, கணக்கும் சீட்டும் இல்லாமல் கொடுத்தது. அதை மட்டும் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே கருவி வைத்துப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டார்கள் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். ஊசிக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். ஜே.டி. புகாரில் இவற்றை ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

மூன்றாவது, டாக்டர். அவர் பெயரை தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, பதிவு எண்ணை கிளினிக்கில் பார்வைக்கு வைக்க வேண்டும், சீட்டிலும் போட வேண்டும். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்தில் தர வேண்டும். வாயால் கேட்டது கணக்கில் வராது. எழுத்தில் கேட்டு, ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் கவுன்ட்டரில் குழம்ப வேண்டாம். 72 மணி நேரம் தாண்டியும் தராவிட்டால் அதுவே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தனிப் புகார். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கவுன்சில் டாக்டரை எச்சரிக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். உங்களுக்குப் பணம் வாங்கித் தராது.

பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நுகர்வோர் ஆணையங்களின் இணையதளமான இ-ஜாக்ரிதி வழியாகவும் தாக்கல் செய்யலாம். கூகுள் பே ரசீது, இரண்டாவது மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, சீழ் பரிசோதனை அறிக்கை, பில்கள், அந்த விளம்பர நோட்டீஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அம்மா ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அவர்கள் சொன்னால் கலங்க வேண்டாம். என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று போதுமான அளவு சொல்லிப் பெறுவதே சம்மதம் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

அந்த 20,000 ரூபாய் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இனி எந்தப் புகாரும் இல்லை’ என்ற ஒரு வரி அதில் நிச்சயம் இருக்கும். இரண்டாவது மருத்துவமனை பில்லே அதைவிட அதிகமாக இருக்குமே. பேச வேண்டும் என்று அவர்கள் விரும்பினால், ஆணையத்தில் வழக்குப் போட்ட பிறகு அங்கேயே சமரச மையம் இருக்கிறது, அங்கே பேசலாம். ஜே.டி. புகாரையும் மருந்து ஆய்வாளர் புகாரையும் திரும்பப் பெறுவதைச் சமரசத்தில் ஒரு நிபந்தனையாக வைக்க விடாதீர்கள்.

நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு இரண்டு ஆண்டு. மூன்றாவது ஊசி போட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம். ஜே.டி. ஆபீஸின் பதில் வரட்டும், கவுன்சில் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு உங்களுக்காக நிற்காது. ஆர்.டி.ஐ. மனுவையும் 72 மணி நேரக் கடிதத்தையும் இந்த வாரமே தபாலில் சேர்த்துவிடுங்கள்.